வலப்பக்க வளைவு, ஈரச் சாலை

நவம்பர் 9, ஞாயிறு

இது நாட்குறிப்பு அல்ல, வழக்குக் குறிப்பேடு. உணர்ச்சிகளுக்கு இதில் இடமில்லை.

நடந்தது: அக்டோபர் 26, மாலை நான்கு இருபது. கோத்தகிரியில் ஒரு திருமண வரவேற்பை முடித்துக்கொண்டு மேட்டுப்பாளையம் நோக்கி இறங்கிக்கொண்டிருந்தோம். மழை விட்டிருந்தது; சாலை ஈரம். வேகம் நாற்பதுக்குச் சற்று மேல். வலப்பக்கம் திரும்பும் ஒரு வளைவில் காரின் பின்பகுதி வழுக்கி வெளியே போயிற்று. வண்டி சுழன்று, இடப்பக்கம் மலைச்சரிவில் மோதியது. ஓட்டியவன் நான். எனக்குக் காயமில்லை. பக்கத்தில் அமர்ந்திருந்த என் மனைவி கோகிலவாணிக்கு இடது காறையெலும்பு முறிந்தது.

காரணம்: விபத்துக்கு எட்டு நாள் முன்பு வடவள்ளியில் சின்னராசு என்பவரின் கடையில் இரண்டு டயர்களை மாற்றினேன். புதியவை இரண்டும் முன்சக்கரங்களில் பொருத்தப்பட்டன. தேய்ந்தவை பின்னால் நின்றன. இது பிழை. இரண்டு மட்டும் மாற்றினால் புதியவை பின்னால்தான் போக வேண்டும். முன்சக்கரம் வழுக்கினால் வண்டி நேராகப் போகும். ஓட்டுபவனுக்கு உடனே தெரியும். பின்சக்கரம் வழுக்கினால் வண்டி கேட்டதற்கும் மேலாகத் திரும்பும். தெரியும்போது நேரம் கடந்திருக்கும். டயர் விற்றுப் பிழைக்கும் ஒருவர் அறிந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச அறிவு இது.

நான் பொறியியல் கல்லூரியில் இருபத்தெட்டு ஆண்டுகளாக இயக்கவியல் கற்பிக்கிறேன். கத்துவது எனக்குப் பழக்கமில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் பதிவு செய்துவிட்டேன். எனக்கு இழப்பீடு வேண்டாம். அந்த மனிதர் தவறு செய்தார் என்று ஓர் அரசு முத்திரையின் கீழ் எழுதப்பட வேண்டும். அவ்வளவுதான்.

பீன்ஸ் பொரியல் நான் செய்தேன். கோகிலா நாற்காலியில் அமர்ந்து ஒற்றைக் கையால் வழிநடத்தினாள்.

நவம்பர் 12, புதன்

ஸ்டீயரிங்கும் பெடல்களும் வந்து சேர்ந்தன. கணினியில் கார்ப் பந்தயம் ஓட்டுபவர்கள் வாங்குவது. இதை விளையாட்டு என்று விற்கிறார்கள். உள்ளே இருக்கும் கணிதம் விளையாட்டல்ல. ஒவ்வொரு சக்கரத்தின் மேலும் எவ்வளவு எடை, எவ்வளவு பிடிப்பு, எவ்வளவு வழுக்கல் என்று நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை கணக்கிடுகிறது. சாலையை நனைக்கலாம். பின் டயர்களை மட்டும் தேய்க்கலாம். ஓட்டி முடித்ததும் கையும் காலும் என்ன செய்தன என்று வரைபடமாக எடுத்துத் தருகிறது.

அந்த டயர்களோடு எந்த ஓட்டுநராலும் வண்டியைக் காப்பாற்றியிருக்க முடியாது என்று இதைக்கொண்டு நிறுவப் போகிறேன்.

என் படிப்பு மேசை அகலம் போதாது. சாப்பாட்டு மேசையில் திருகிப் பொருத்தினேன்.

“என்னங்க இது, சோறு திங்கற இடத்துல?”

“சாட்சியம்.”

“சரி. சாட்சியத்தைக் கொஞ்சம் நகர்த்துங்க, தட்டு வைக்கணும்.”

நவம்பர் 16, ஞாயிறு

விளையாட்டில் கோத்தகிரிச் சாலை கிடையாது. மலையில் அமைந்த ஒரு பந்தயத் தடத்தில், இறக்கத்தில் வலப்பக்கம் வளையும் இடம் ஒன்றைத் தேர்ந்தேன். நம்முடையதைப் போன்ற முன்சக்கர இயக்கச் சிறு கார். ஈரம். பின் டயர்கள் எழுபது விழுக்காடு தேய்ந்தவை. நுழையும் வேகம் நாற்பத்திரண்டு. வளைவின் நடுவில், எவரும் செய்வதுபோல், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன்.

ஐம்பது ஓட்டங்கள். நாற்பத்து மூன்று சுழற்சிகள்.

பிறகு டயர்களை இடம் மாற்றினேன், புதியவை பின்னால். ஐம்பது ஓட்டங்கள். இரண்டு சுழற்சிகள்.

நாற்பத்து மூன்றுக்கு இரண்டு. என் வக்கீல் தேவசகாயத்துக்கு உடனே அனுப்பினேன். “அருமையான ஆதாரம் சார், ஆனா கமிஷன் மெம்பருக்கு வீடியோ கேம்னு சொல்லாதீங்க” என்று பதில் வந்தது.

நவம்பர் 20, வியாழன்

சின்னராசு வீட்டுக்கே வந்தார். கையில் ஒரு பை ஆரஞ்சு. ஐம்பது வயதிருக்கும், நகக்கண்களில் கருப்பு. வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பேன். கோகிலா உள்ளிருந்து “வாங்க, உக்காருங்க” என்றுவிட்டாள். அவர் அமர்ந்தார். நான் நின்றேன்.

“மேடத்துக்கு வலி இப்ப எப்படிங்க?”

“பரவால்லீங்க. தும்மினாத்தான் உயிர் போகுது.”

“தும்மாம இருங்க மேடம்” என்றார். கோகிலா சிரித்தாள், சிரித்ததில் வலித்துத் தோளைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அவர் என் பக்கம் திரும்பினார்.

“நோட்டீஸ் வந்துச்சுங்க சார். என் பையனை விட்டுப் படிக்கச் சொன்னேன். கவனக்குறைவு, கவனக்குறைவுன்னு ஏழு எடத்துல போட்டிருக்கீங்க.”

“எட்டு.”

“எட்டே இருக்கட்டுங்க. நான் அப்பவே சொன்னனுங்களே? புதுசு ரெண்டையும் பின்னாடி போட்டுக்கலாம் சார்னு. நீங்கதான், ‘முன்சக்கரம்தான்யா இழுக்குது, முன்சக்கரம்தான்யா திருப்புது, பிரேக்கும் அதுதான் புடிக்குது, பின்சக்கரம் சும்மா கூட வருது’ன்னு ஒரு பாடமே நடத்துனீங்க. என் கடைப் பசங்க இன்னமும் அதைச் சொல்லிக் காட்டறானுங்க.”

வாடிக்கையாளர் ஒரு கருத்தைத் தெரிவித்திருக்கலாம். கருத்து ஆணையாகாது. துறை அறிந்தவர் மறுத்திருக்க வேண்டும். இதை இதே சொற்களில் அவரிடம் சொன்னேன்.

“நீங்க புரொபசருங்க சார். நான் எட்டாங்கிளாஸ். நான் எப்படிங்க உங்களை மறுக்கறது?”

கோகிலா அவருக்கு மோர் கொடுக்கச் சொன்னாள். கொடுத்தேன். தம்ளரைச் சற்று ஓசையோடு வைத்தேன். ஆரஞ்சுகளை நான் தொடவில்லை.

நவம்பர் 27, வியாழன்

சின்னராசு தன் பதிலை ஆணையத்தில் எழுத்தில் தந்துவிட்டார். சாட்சிகளாகக் கடைப் பணியாளர் இருவர். தேவசகாயம் இன்று வீட்டுக்கு வந்து நிலைமையை விளக்கினார். டயரை எங்கே போடுவது என்று யார் சொன்னது என்பதில் என் சொல்லுக்கு எதிராக அவர் சொல். ஓட்டியவன் மேல் பிழையில்லை என்பதற்குக் காரில் இருந்த மற்றொருவரின் பிரமாணப் பத்திரம் வேண்டும். அது வந்தால் கடைக்காரர் தப்ப முடியாது.

தட்டச்சு செய்தே கொண்டுவந்திருந்தார். கோகிலா கண்ணாடியை எடுத்து வரச் சொல்லி முழுவதையும் படித்தாள். வங்கி அதிகாரி, படிக்காமல் எதிலும் கையெழுத்திட மாட்டாள். பிறகு பென்சிலால் ஒரு வரியின் கீழ்க் கோடிட்டாள்.

‘ஓட்டுநர் எவ்விதத் திடீர்ச் செயலும் செய்யாத நிலையில்.’

“இந்த வரி இல்லாம முடியாதுங்களா?” என்று அவரிடம் கேட்டாள்.

“அந்த வரிதாம்மா கேஸே.”

“அப்ப யோசிச்சுச் சொல்றேன்.”

அவர் போன பிறகு, யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்டேன். “ஞாபகப்படுத்திப் பாக்கணும்” என்றாள். அவளுடைய நினைவாற்றல் வங்கிக் கிளை முழுவதும் பேர்போனது.

டிசம்பர் 3, புதன்

இன்றும் கையெழுத்து ஆகவில்லை. ரசத்தில் உப்பு அதிகம் என்றாள். அதிகம்தான்.

டிசம்பர் 7, ஞாயிறு

எதிர்பாராத ஒரு சிக்கல். எனக்கு ஓட்ட வருகிறது.

தொடக்கத்தில் பின்பகுதி நழுவியதும் நான் மோதப் போகும் சரிவையே பார்த்துக்கொண்டிருந்தேன். கை கண்ணைத் தொடர்ந்து அங்கேயே போயிற்று. இப்போது போக வேண்டிய சாலையைப் பார்க்கிறேன். பின்பகுதி இடப்பக்கம் விலகினால் ஸ்டீயரிங்கும் இடப்பக்கம்; எவ்வளவு விலகியதோ அவ்வளவுதான். இது பாதி. மறுபாதியைத்தான் பெரும்பாலோர் தவறவிடுகிறார்கள்: வண்டி நிமிரத் தொடங்குவதற்கு முன்பே ஸ்டீயரிங்கை நேராக்க வேண்டும். நிமிர்ந்த பின் நேராக்கினால், அதுவரை அடக்கி வைத்த திருப்பம் முழுவதும் மறுபக்கம் பாயும். முதல் சுழற்சியைவிட இரண்டாவது கொடியது. காப்பாற்றிவிட்டோம் என்று நினைக்கும் கணத்தில்தான் வண்டி கைவிட்டுப் போகிறது.

பிரேக்கைத் தொடக் கூடாது. இது முன்சக்கர இயக்கம் ஆதலால் ஆக்சிலரேட்டரைச் சிறிது கூட்டினால் முன்சக்கரங்கள் வண்டியை இழுத்து நிமிர்த்தும். பயந்த கால் இதற்கு உடன்படாது. கால் சொற்பொழிவு கேட்பதில்லை. பழக்கத்தை மட்டும் கேட்கிறது. நாளுக்கு ஒரு மணி நேரமாக மூன்று வாரம் பழக்கினேன்.

அதே தேய்ந்த டயர்கள். ஐம்பது ஓட்டங்கள். ஒன்பது சுழற்சிகள்.

அதாவது, நான் பயில்வதற்கேற்ப என் ஆதாரம் கரைகிறது. தேவசகாயத்திடம் பழைய எண்ணே இருக்கிறது. அதுவும் உண்மையான எண்தான்.

டிசம்பர் 14, ஞாயிறு

ஆய்வு நேர்மைக்காக ஒரு கட்டுப்பாட்டுச் சோதனை. அதே கார், அதே தேய்ந்த பின் டயர்கள், அதே ஈரம், அதே வேகம். ஒரே மாற்றம்: வளைவின் நடுவில் காலை எடுக்கவில்லை. ஆக்சிலரேட்டரை முப்பத்தெட்டு விழுக்காடு அழுத்தியபடி நுழைந்து முப்பத்தெட்டிலேயே வெளியேறினேன்.

ஐம்பது ஓட்டங்கள். சுழற்சி பூஜ்யம். ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பத் தேவையே எழவில்லை. பின்பகுதி நழுவவேயில்லை.

விளக்கம் எளிது. காலைத் திடீரென்று எடுத்தால் வண்டியின் எடை முன்னால் சாய்கிறது, பின்சக்கரங்கள் இலேசாகின்றன, ஏற்கெனவே தேய்ந்தவை பிடிவிடுகின்றன. இரண்டாமாண்டு மாணவனும் வரைந்து காட்டுவான்.

இந்த எண்ணை வக்கீலுக்கு அனுப்பவில்லை. சோதனைகள் முடிவடையவில்லை.

வெள்ளிக்கிழமை கோகிலாவுக்கு அலுவலகத்திலிருந்து பதிவுத் தபால் வந்தது. நான்தான் கையெழுத்திட்டு வாங்கினேன். மருத்துவ விடுப்பு முடிந்து ஜனவரி 19 அன்று பணியில் சேர வேண்டும். எந்த ஊர்க் கிளை என்பதை இங்கே எழுதத் தேவையில்லை. இது வழக்குக் குறிப்பேடு.

டிசம்பர் 16, செவ்வாய்

பிசியோதெரபி. கையைத் தோளுக்கு மேல் தூக்குகிறாள். போகவர ஆட்டோ. பழுது நீங்கி வந்த கார் வாசலில் நிற்கிறது. அவள் அதில் ஏறுவதில்லை; நான் வற்புறுத்துவதுமில்லை.

டிசம்பர் 22, திங்கள்

காலை பத்து மணி. கையெழுத்தைப் பற்றி நான் ஏழாவது முறையாகக் கேட்டேன். விசாரணை ஜனவரி 5. கோகிலா காய் நறுக்குவதை நிறுத்திவிட்டு மேசையைப் பார்த்தாள்.

“நான் பக்கத்துல உக்காந்துக்கறேன். ஓட்டுங்க. அன்னிக்கு மாதிரியே. பாத்துட்டு கையெழுத்துப் போடறேன்.”

“விளையாட்டைப் பார்த்தா?”

“நீங்கதான சாட்சியம்னீங்க?”

நாற்காலியை இழுத்து என் இடப்பக்கம் போட்டு அமர்ந்தாள். அன்றைய டயர்கள், அன்றைய ஈரம். முதல் ஓட்டம் சுத்தமாக முடிந்தது. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. ஒன்றிலும் பின்பகுதி அசையவில்லை. அவள் திரையைப் பார்க்கவில்லை, என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து முடிந்தது. “நல்லா ஓட்டறீங்க” என்றாள். ஏளனம் இல்லை. எனக்கு மகிழ்ச்சியாகக்கூட இருந்தது.

பதினோராவது ஓட்டம். வளைவின் உள்ளே ஸ்டீயரிங்கைத் திருப்பியிருந்தேன். அவள் குரலை உயர்த்தவில்லை. அன்று சொன்ன அதே வேகத்தில் சொன்னாள்.

“எனக்குத் திருநெல்வேலிக்கு மாற்றல் வந்துடுச்சுங்க. நான் தனியாத்தான் போறேன். நானாக் கேட்டு வாங்கினதுதான்.”

வண்டி சுழன்றது. சரிவில் மோதிற்று. திரை ஒருமுறை குலுங்கி நின்றது.

ஓட்டத்தின் வரைபடம் திரையில் வந்தது. பிறகு அவள் வரைபடத்தின் மேல் விரல் வைத்தாள்.

“இந்தக் கோடு என்ன?”

“ஆக்சிலரேட்டர்.”

“பத்து தடவையும் நேரா இருந்துச்சே. இதுல மட்டும் ஏன் கெணத்துல விழுந்த மாதிரி விழுது?”

முப்பத்தெட்டிலிருந்து பூஜ்யத்துக்கு, நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரத்தில். கோடு செங்குத்தாக இருந்தது. என் மாணவன் இப்படியொரு வரைபடத்தைக் கொண்டுவந்து இதற்கு டயர்தான் காரணம் என்றிருந்தால், அவன் தாளைத் திருப்பி எறிந்திருப்பேன்.

“டயரும் ஒரு காரணம்” என்றேன்.

“ஆமா. அதை எங்க போடறதுன்னு சொன்னது யாரு?”

அவள் எழுந்து போய் மீதிக் காயை நறுக்கினாள். பிரமாணப் பத்திரம் குளிர்சாதனப் பெட்டியின் மேல் இருந்தது. அங்கேயே இருக்கிறது.

டிசம்பர் 23, செவ்வாய்

எழுத ஏதுமில்லை.

டிசம்பர் 29, திங்கள்

கோகிலா ஆட்டோவில் பிசியோதெரபிக்குப் போயிருந்தபோது சோதனையைத் தனியாகத் திரும்பச் செய்தேன். வளைவுக்குள் நுழைந்ததும் அந்த மூன்று வாக்கியங்களையும் நானே உரக்கச் சொன்னேன். இருபது முறை. கால் அசையவில்லை. என் குரலில் அவை வெறும் தகவல்கள்.

இரண்டு மாதமாக நான் கோபமாக இருக்கிறேன். அமைதியாக, பத்தி பிரித்து, எண்ணிட்டுக் கோபமாக இருந்தேன். அந்தக் கோபத்தை வடவள்ளிக்குத் தினமும் அனுப்பிக்கொண்டிருந்தேன். அங்கே ஒருவர் அதை வாங்கிக்கொண்டிருந்தார். இப்போது அனுப்ப இடமில்லை. குறைந்துவிட்டது என்று எழுத விரும்புகிறேன். குறையவில்லை. வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

முப்பது ஆண்டுகளில் அவள் கேட்டவற்றுக்கெல்லாம் நான் விளக்கம் கொடுத்தேன் என்பது உண்மை. எதை எங்கே வைப்பது, எதை எப்போது வாங்குவது, அவள் தம்பியின் திருமணத்தில் எத்தனை நாள் தங்குவது, அனைத்துக்கும். கடைப் பையன்கள் சொல்லிக் காட்டும் அந்தப் பாடத்தை அவளும் கேட்டிருப்பாள், வேறு தலைப்புகளில்.

ஜனவரி 5, திங்கள்

ஆணையம். காலை பத்தரை. புகாரைத் திரும்பப் பெறும் விண்ணப்பத்தை நானே எழுதிக்கொண்டு போயிருந்தேன். தேவசகாயம் தாழ்வாரத்தில் படித்துவிட்டுத் தலையில் கைவைத்தார்.

“காரணம்னு இருக்கற எடத்துல ‘சமரசம்’னு ஒரு வார்த்தை போடுங்க சார். யாருக்கும் நோகாது. நீங்க ஏன் ஆறு வரி எழுதியிருக்கீங்க?”

“நோக வேண்டியவனுக்கு நோகட்டும்.”

நான் எழுதியிருந்தது: புதிய டயர்களை முன்னால் பொருத்தச் சொன்னது புகார்தாரர். எதிர்மனுதாரர் மாற்று யோசனை கூறினார். புகார்தாரர் அதை ஏற்கவில்லை. வளைவின் நடுவில் ஆக்சிலரேட்டரிலிருந்து திடீரெனக் காலை எடுத்ததும் புகார்தாரர். எதிர்மனுதாரர் மீது பிழை ஏதுமில்லை. புகார் உண்மைக்கு மாறானது.

உறுப்பினர் இருமுறை படித்தார். “கடைசி வரி அவசியமா, புரொபசர்?” என்று கேட்டார். அவசியம் என்றேன். முத்திரை விழுந்தது.

சின்னராசு தாழ்வாரத்து பெஞ்சில் புதுச் சட்டையோடு அமர்ந்திருந்தார். செய்தியைச் சொன்னேன். மகிழ்ச்சியடைவார் என்று நினைத்தேன். முகம் கறுத்தது.

“அவ்வளவுதானுங்களா? முடிஞ்சுதுங்களா? ரெண்டு மாசமா எதிர்க்கடைக்காரன் என்னைக் கொலைகார டயர்க்கடைன்னு கூப்பிடறானுங்க சார். எம் பொண்டாட்டி கோயிலுக்குப் போனா, ‘உங்க வீட்டுக்காரர் மேல கேஸாமே’ங்கறாங்க. நீங்க எழுதினீங்க, நீங்களே அழிச்சீங்க. நடுவுல நான் யாருங்க?”

பதில் எளிதாக இருந்தது. சொல்வது எளிதாக இல்லை.

“நான் செய்தது தவறு” என்றேன்.

“இப்படிக் காதோட சொன்னா? எழுதிக் குடுங்க சார். லேமினேஷன் பண்ணிக் கடையில மாட்டிக்கறேன்.”

தேவசகாயம் என் கையைப் பிடித்தார். நான் பெஞ்சில் அமர்ந்து, என் பெயர், பட்டம், பதவியுடன், ஒரு முழுப் பக்கம் எழுதினேன். சின்னராசு தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். “அந்த ‘எதிர்மனுதாரர்’ வேண்டாங்க, என் பேரைப் போடுங்க” என்றார். போட்டேன்.

தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்த பிறகு, “மேடத்துக்குக் கை தூக்க வருதுங்களா?” என்று கேட்டார். வருகிறது என்றேன். வணக்கம் சொல்லாமல் போனார். அது நியாயம்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். கோகிலா இரு கையாலும் பானையை இறக்கினாள்.

“போகாமல் இருக்க முடியாதா?” என்று கேட்டேன். முப்பது ஆண்டுகளில் அவளிடம் விளக்கம் எதுவும் சேர்க்காமல் நான் கேட்ட கேள்வி இதுவாகத்தான் இருக்கும்.

“முடியும்” என்றாள். “ஆனா போறேன்.”

ஜனவரி 18, ஞாயிறு

அதே கிளைக்குப் போகும் ஓர் அம்மாள் தன் காரில் அழைத்துப் போனார். காலை ஏழு மணி. இரண்டு பெட்டி, ஒரு மிக்ஸி, ஒரு மூட்டை புத்தகம். நான் ஏற்றி வைத்தேன். வேட்டித் துவைப்பு, பால்காரன், சமையல் சிலிண்டர் பதிவு எல்லாவற்றையும் சொன்னாள். எனக்கு எல்லாம் தெரியும். தெரியும் என்று சொல்லவில்லை.

“கேஸை வாபஸ் வாங்குனதை நீங்க எங்கிட்டச் சொல்லவேயில்ல. சின்னராசுதான் போன் பண்ணினார்.”

“சொல்லியிருக்க வேண்டும்.”

“ம்” என்றாள். கதவைச் சாத்தினாள். கண்ணாடியைப் பாதி இறக்கி, “வர்றேங்க” என்றாள். அவள் எப்போது வருவாள் என்று நான் கேட்கவில்லை. வண்டி தெருமுனையில் நிதானமாகத் திரும்பிற்று.

இந்தக் குறிப்பேடு தொடங்கியிருக்க வேண்டிய பக்கத்தை இப்போது எழுதுகிறேன்.

அக்டோபர் 26, ஞாயிறு

கோத்தகிரியில் பந்தியில் அமர்ந்திருந்தபோதே அவள் ஏதோ சொல்ல வந்தாள். அப்புறம் பேசலாம் என்றேன். இறங்கும் வழியில், மழை விட்ட பிறகு, பாட்டை நிறுத்திவிட்டுச் சொன்னாள். நான் பதில் பேசவில்லை. கோபம் வரும்போது நான் பேசுவதில்லை. அதை இத்தனை நாளும் பண்பு என்று நினைத்திருந்தேன். கால் பேசிற்று.

வண்டி சரிவில் மோதி, வந்த வழியைப் பார்த்தபடி நின்றது. நிறுத்த மறந்த வைப்பர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கோகிலா இடது தோளை வலது கையால் பற்றிக்கொண்டு, உதடு வெளுத்து என்னைப் பார்த்தாள்.

நான் பேசிய முதல் சொல், “டயர்.”

அவள் கேட்டாள்: “உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?”

கதவைத் திறந்து இறங்கி, பின்சக்கரத்தைப் பார்க்கப் போனேன்.